பண்ணைப் பங்குக் காய்கறியும் பின்கட்டுத் தோட்டமும்: செட்டிநாட்டுக் கோடைக்கு எது பொருந்தும்?

வளவுவாசி, பள்ளத்தூர்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தெருவில் சில வீட்டார் சேர்ந்து, கொத்தமங்கலத்துக்கு அப்பால் கிணற்றுப் பாசனத்தில் காய்கறி பயிரிடும் ஒரு விவசாயக் குடும்பத்துக்குத் தை மாதத்திலேயே முன்பணம் கொடுத்தோம். பங்குனி தொடங்கி ஆனி முடிய, வாரந்தோறும் வீட்டுக்கு ஒரு கூடைக் காய்கறி வரும் என்பது பேச்சு. விளைந்தது எதுவோ அதில் எங்களுக்குப் பங்கு. விளையாமற்போனால் அந்த இழப்பிலும் பங்கு. இடையில் விலை பேசுவதோ, இன்ன காய்தான் வேண்டும் என்று கேட்பதோ கிடையாது. அவர்கள் தரப்பில் இரசாயன உரமும் பூச்சிக்கொல்லியும் போடுவதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்கள், அதை இன்றுவரை காப்பாற்றியும் வருகிறார்கள்.

பங்குனியில் கத்தரி, வெண்டை, தக்காளி, முள்ளங்கி, அரைக்கீரை, சிறுகீரை என்று கூடை நிறைந்து வந்தது. சித்திரை பிறந்ததும் தக்காளி நின்றுவிட்டது. அடுத்து வெண்டைச் செடிகளில் இலை மஞ்சளித்துக் காய் குறைந்தது. இப்போது அக்னி நட்சத்திரத்தில் சுரை, பரங்கி, வெள்ளரி, கொத்தவரை, முருங்கை ஆகியவைதாம் மாறி மாறி வருகின்றன. வீட்டில் மாமனார், மாமியார், நாங்கள் இருவர், விடுமுறையில் இருக்கும் பிள்ளைகள். காயின் தரத்தில் யாருக்கும் குறையில்லை. கொத்தவரை ஒடித்தால் சத்தம் கேட்கிறது. சுரைக்காயின் பிஞ்சுத்தன்மை கடையில் வாங்குவதில் கிடைப்பதே இல்லை. ஆனால் ஒரே காயைத் தொடர்ந்து சமைப்பதில் எனக்குத் தெரிந்த முறைகள் தீர்ந்துவிட்டன. இந்தப் பங்கை அடுத்த ஆண்டும் தொடரலாமா, வருகிற காயை வீணாக்காமல் எப்படிப் பயன்படுத்துவது, வீட்டின் இரண்டாம் கட்டுக்குப் பின்னால் கிணற்றடியை ஒட்டிக் கிடக்கும் இடத்தில் இந்தப் பங்கோடு பொருந்தும்படி எதை வைப்பது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

சந்தைக்காரர், காரைக்குடி

உங்கள் நல்லெண்ணத்தை மதிக்கிறேன். ஆயினும் மாற்றுக் கருத்து ஒன்றைச் சொல்லியாக வேண்டும். விவசாயிக்கும் வீட்டுக்கும் நடுவில் இடைத்தரகர் இருக்கக்கூடாது என்பதுதானே நோக்கம்? அதற்காகத்தான் 1999ஆம் ஆண்டு நவம்பர் மாதம் மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. பிறகு மாநிலம் முழுவதும் பரவி நம் காரைக்குடிக்கும் வந்தது. அங்கே கடைக்கு வாடகை இல்லை, அடையாள அட்டை பெற்ற விவசாயியே விற்கிறார், அன்றன்றைய விலை பலகையில் எழுதப்படுகிறது. அந்த விலை மொத்த விலையைவிடச் சற்றுக் கூடுதலாகவும் வெளிக்கடையின் சில்லறை விலையைவிடக் குறைவாகவும் இருக்கும்படி வைக்கப்படுகிறது. காலையில் போனால் காயைக் கையால் தொட்டுப் பார்த்து, வேண்டியதை வேண்டிய அளவு வாங்கி வரலாம்.

பங்கு முறையில் பணமும் முன்பே போய்விடுகிறது, தேர்வு செய்யும் உரிமையும் போய்விடுகிறது. மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர்களுக்குத் தை மாதத்தில் மொத்தமாக ஒரு தொகையை எடுத்து வைப்பது எளிதன்று. இன்னொன்றும் இருக்கிறது. நம் ஊர்களில் பெரிய பெரிய வீடுகளில் வயதானவர்கள் இருவர் மட்டும், பல வீடுகளில் ஒருவர் மட்டும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டு வாசலில் ஒரு கூடை சுரைக்காயை இறக்கினால் அவர்கள் என்ன செய்வார்கள்?

செம்மண்காரன், கல்லல்

சந்தைக்கார அண்ணனுக்கு ஒரு விவசாயியின் பக்கத்திலிருந்து பதில் சொல்கிறேன். உழவர் சந்தை எங்களுக்குப் பெரிய துணை. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் அது அறுவடைக்குப் பிறகு வருகிற துணை. எங்களுக்குப் பணம் தேவைப்படுவது அறுவடைக்கு முன்னால். விதை வாங்க, உழவு ஓட்ட, எரு இறக்க, பந்தலுக்குக் கம்பும் கம்பியும் வாங்க, களை எடுக்கிற பெண்களுக்கு அன்றன்றே கூலி கொடுக்க எல்லாம் விதைத்த நாளிலிருந்து செலவுதான். அந்த நேரத்தில் கமிஷன் கடையில் முன்பணம் வாங்கினால், விளைந்த காயை அந்தக் கடைக்கே, அவர்கள் சொல்லும் விலைக்கே கொடுக்க வேண்டியிருக்கும். பள்ளத்தூர்க்காரர்கள் கொடுத்த தொகை அந்தக் கட்டிலிருந்து ஒரு குடும்பத்தை விடுவித்திருக்கிறது. அதன் மதிப்பைக் கிலோ கணக்கில் மட்டும் பார்த்தால் தெரியாது.

அடுத்து, ஏன் சித்திரையில் சுரையும் கொத்தவரையுமே வருகின்றன என்பதையும் சொல்கிறேன். நம் மண் செம்மண். தோண்டினால் கொஞ்ச ஆழத்திலேயே செம்பூராங்கல் தட்டும் இடங்கள் ஏராளம். ஊற்றிய தண்ணீர் நிற்காது, போட்ட உரமும் தங்காது. சிவகங்கை மாவட்டத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 900 மில்லிமீட்டர் மழை பெய்தாலும், அதில் பாதியளவு ஐப்பசியை ஒட்டிய வடகிழக்குப் பருவத்தில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. மாசிக்குப் பிறகு கிணறு இறங்க ஆரம்பிக்கும். பகல் வெயில் 35 பாகையைத் தாண்டி, இரவிலும் புழுக்கம் தணியாவிட்டால் தக்காளிப் பூவில் மகரந்தம் கெட்டுப் பூ உதிர்ந்துவிடும். எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் பிஞ்சு பிடிக்காது. வெண்டை இலை மஞ்சளித்தது வெள்ளை ஈ பரப்புகிற மஞ்சள் நரம்புத் தேமல் நோய். கோடையில் வெள்ளை ஈ பெருகும். நோய் வந்த செடியைப் பிடுங்கி எரிப்பதைத் தவிர அதற்கு மருந்து இல்லை. கொத்தவரை ஆழமாக வேர் விடும், வறட்சியைத் தாங்கும். சுரையும் பரங்கியும் தரையை இலையால் மூடித் தங்கள் வேருக்குத் தாங்களே நிழல் கொடுத்துக்கொள்ளும். அந்தக் குடும்பம் இந்த நிலம் கோடையில் எதைத் தருமோ அதைச் சரியாகத் தேர்ந்து வைத்திருக்கிறது என்றே சொல்வேன்.

மண்ணைப் பற்றி இன்னும் ஒன்று. எங்கள் பகுதியில் கோடையில் நிலம் சும்மா கிடக்கும்போது ஆடு மேய்க்கும் கீதாரிகளிடம் சொல்லி ஆட்டுக்கிடை அமர்த்துவோம். இரவெல்லாம் ஆடுகள் படுத்து எழும் இடத்தில் புழுக்கையும் சிறுநீரும் நேராக மண்ணில் சேரும். வண்டிக் கூலி இல்லை, அள்ளிப் போடும் வேலை இல்லை. கிடை போட்ட வயலை உடனே லேசாக உழுதுவிட வேண்டும், வெயிலில் காயவிட்டால் சத்து ஆவியாகிப் போகும். கண்மாய் வறண்டிருக்கும்போது முறைப்படி அனுமதி வாங்கி வண்டல் எடுத்துப் பரப்பினால், செம்மண் தண்ணீரைப் பிடித்து வைக்கும் தன்மையைப் பெறும். பங்கு சேர்ந்தவர்கள் இந்த இரண்டு வேலைக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்கினால், அதன் பலன் ஒரு பருவத்தோடு முடிந்துவிடாது.

கடல்கடந்த ஆத்தங்குடி, மாசசூசெட்ஸ்

அமெரிக்காவில் எங்கள் குடும்பம் பல கோடைகளாகப் பண்ணைப் பங்கு வாங்கி வருவதால், அந்த அனுபவத்தைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். ஜப்பானில் 1970களில் தாய்மார்கள் சிலர் நஞ்சில்லாத பாலும் காய்கறியும் வேண்டி விவசாயிகளோடு நேரடியாக ஒப்பந்தம் செய்துகொண்ட முறைக்கு டெய்கெய் என்று பெயர். அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டு, நான் இருக்கும் இதே மாநிலத்தில் இந்தியன் லைன் பண்ணையிலும், பக்கத்து நியூ ஹாம்ஷயரில் டெம்பிள்-வில்டன் பண்ணையிலும், ஐரோப்பாவில் நடந்த முயற்சிகளின் தாக்கத்தில் இந்த முறை தொடங்கியது. பனிக்காலத்தில் பணம் கட்டுவோம். ஜூன் மாதத்திலிருந்து அக்டோபர் வரை வாரம் ஒரு பெட்டி.

இங்கும் முதலில் எங்களுக்கு வளவுவாசி அவர்களின் நிலைதான். பெயர் தெரியாத கீரைகள், கட்டுக்கட்டாக நூல்கோல், இலையோடு பீட்ரூட், பூண்டுத் தண்டு, ஜூலையில் அடக்க முடியாத அளவுக்குச் சுக்கினி. மெல்ல மெல்ல நம் வீட்டுச் சமையலுக்குள் அவற்றைக் கொண்டுவந்தோம். நூல்கோலைப் பாசிப்பருப்போடு கூட்டு வைக்கிறோம். பீட்ரூட் இலையைத் தண்டோடு நறுக்கித் துவட்டுகிறோம். பூண்டுத் தண்டு வதக்கி அரைத்தால் அருமையான துவையல். சுக்கினி பிஞ்சாக இருந்தால் பீர்க்கங்காய் செய்கிற எதையும் செய்யும். கேல் என்னும் முரட்டுக் கீரையை மட்டும் வேகவைத்து மசித்தால் நன்றாக வராது. மெலிதாக அரிந்து, உளுந்து தாளித்து, தேங்காய்ப்பூ போட்டுப் பொரியலாகச் செய்தால் பிள்ளைகளும் சாப்பிடுகிறார்கள்.

ஆனால் இந்த உரையாடலைப் படித்தபோது எனக்கு ஒன்று பட்டது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். இங்கே கோடைதான் விளைச்சலின் உச்சம். பனியில் உறைந்த மண் ஏப்ரலுக்குப் பிறகுதான் வேலைக்கு வரும். வெயிலும் மழையும் சேர்ந்தே கிடைக்கும் சில மாதங்களுக்குள் எல்லாம் விளைந்தாக வேண்டும். ஆகவே கோடைப் பங்கு என்பது இங்கே இயற்கையான ஏற்பாடு. நம் செட்டிநாட்டில் கோடை வறண்ட காலம். நமக்கு விளைச்சல் பொங்குவது மழை முடிந்த மார்கழியிலிருந்து மாசி வரை. இந்த நாட்டுக் காலக்கணக்கை அப்படியே கொண்டுபோய்ப் பங்குனியில் பங்கைத் தொடங்கினால், நிறைவான மூன்று மாதங்களை விட்டுவிட்டுக் குறைவான மாதங்களுக்குப் பணம் கட்டியதாகிவிடும். பங்கு முறை நமக்கு ஏற்றதா என்ற கேள்வியைவிட, அதை எந்த மாதத்தில் தொடங்குவது என்ற கேள்விதான் முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது.

சந்தைக்கார அண்ணன் கேட்டதற்கும் இங்கே ஒரு வழி இருக்கிறது. அரைப் பங்கு உண்டு. ஒரு பங்கை இரண்டு வீட்டார் பிரித்துக்கொள்வதும் உண்டு. பெட்டி எடுக்கும் இடத்தில் ஒரு மாற்றுக் கூடை வைத்திருப்பார்கள். வேண்டாத காயை அதில் போட்டுவிட்டு, வேறொருவர் போட்ட காயை எடுத்துக்கொள்ளலாம். பணத்தைத் தவணையாகக் கட்டவும் பல பண்ணைகள் இடம் கொடுக்கின்றன.

தேவகோட்டை ஆச்சி

பள்ளத்தூர்த் தங்கைக்கு, கொத்தவரையும் சுரையும் பரங்கியும் நிறைய வருகின்றன என்று கவலைப்பட வேண்டாம். நம் வீடுகளில் கோடை முழுவதும் அந்தக் காய்களை வைத்துத்தான் அடுப்படி நடந்திருக்கிறது.

முதலில் கொத்தவரை. வருகிற அன்று பிஞ்சைத் தனியாகவும் முற்றலைத் தனியாகவும் பிரித்துவிடுங்கள். பிஞ்சைப் பருப்பு உசிலி, பொரியல் செய்யலாம். நடுத்தரக் காயை முனை கிள்ளி, உப்பும் மஞ்சளும் போட்ட கொதிநீரில் நிறம் மாறும் வரை மட்டும் வேகவிட்டு, வடித்து, துணியில் பரப்பிக் காயவையுங்கள். இந்த வெயிலில் மூன்று நான்கு நாளில் ஒடிக்கிற பதத்துக்கு வந்துவிடும். விருப்பமிருந்தால் உப்பு மோரில் ஊறவைத்தும் காயவைக்கலாம். மழைக்காலத்தில் கையில் காய் இல்லாத நாளில் அதே வத்தல் குழம்புக்கு ஆகும், பொரித்துச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளவும் ஆகும்.

அடுத்து மண்டி, அரிசி களைந்த நீரில் வைக்கிற புளிக்குழம்பு. அரிசி களைந்த முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டு, இரண்டாம் தண்ணீரைக் கெட்டியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதிலேயே புளியைக் கரையுங்கள். நல்லெண்ணெயில் கடுகு, உளுந்து, வெந்தயம் தாளித்து, சின்ன வெங்காயமும் பூண்டும் முழுதாகப் போட்டு வதக்கி, பச்சை மிளகாயைக் கீறிப் போட்டு, காயைச் சேர்த்து வதக்கியபின் மண்டித் தண்ணீரை ஊற்றிக் கொதிக்கவிட வேண்டும். தேங்காய் வேண்டாம், பொடி வேண்டாம். வெண்டைக்காய் நின்றுபோனால் என்ன, மாங்காயும் பலாக்கொட்டையும் இந்தக் காலத்தில்தானே கிடைக்கின்றன? அவற்றோடு கொத்தவரை வத்தலும் சேர்த்தால் கோடைக்கு அதைவிட நல்ல மண்டி இல்லை. மறுநாள் பழைய சோற்றுக்கு அது இன்னும் ருசிக்கும்.

சுரைக்காயில் ஒரு எச்சரிக்கை. வெயிலும் தண்ணீர்த் தட்டுப்பாடும் மிகுந்தால் சில காய் கசந்துவிடும். நறுக்கியதும் நுனியில் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள்; கசந்தால் துப்பிவிட்டுக் காய் முழுவதையும் குப்பையில் போட்டுவிட வேண்டும். அந்தக் கசப்பு உடம்புக்கு நஞ்சு. சமைத்தாலும் போகாது, சாறாகக் குடித்தால் உயிருக்கே ஆபத்து. கசப்பில்லாத காய் எத்தனை வந்தாலும் நல்லது. சதையைப் பாசிப்பருப்போடு கூட்டு வைத்துக் கடைசியில் கொஞ்சம் பால் விட்டு இறக்குங்கள். தோலை எள்ளோடு வதக்கித் துவையல் அரையுங்கள். துருவி அடை மாவில் சேர்த்தால் பிள்ளைகளுக்குத் தெரியாமலேயே ஒரு காய் செலவாகும்.

பரங்கிக்காய்க்குப் புளிக்கறியை மிஞ்சி வேறொன்றும் சொல்ல வேண்டியதில்லை. முற்றின பரங்கியைக் காம்போடு, அடிபடாமல், காற்றோட்டமான இடத்தில் வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. உடனே சமைத்துத் தீர்க்க வேண்டும் என்று அவசரப்பட வேண்டாம். வெள்ளரியைப் பச்சடி, கூட்டு என்று அன்றன்றே முடித்துவிடுங்கள்.

வளவுவாசி, பள்ளத்தூர்

ஆச்சிக்கு மிகுந்த நன்றி. மாங்காயும் கொத்தவரையும் போட்டு மண்டி வைத்தேன். மாமனார் இன்னொரு கை சோறு கேட்டு வாங்கினார். கொத்தவரை வத்தலை முற்றத்தில் பரப்பியிருக்கிறோம், பிள்ளைகள்தாம் காவல். ஆத்தங்குடி அண்ணன் சொன்ன மாற்றுக் கூடையை எங்கள் தெருவிலும் வைத்துவிட்டோம். தனியாக இருக்கும் ஓர் ஆச்சி தம் பங்குச் சுரைக்காயை அதில் வைத்துவிட்டு முருங்கையை எடுத்துக்கொண்டார். வாரத்துக்கு முழுக் கூடை தமக்கு அதிகம் என்பதால் எதிர்வீட்டாரோடு பாதிப்பாதியாகப் பிரித்துக்கொள்ள ஏற்பாடாகியிருக்கிறது.

இனித் தோட்டத்தைப் பற்றி யாரேனும் விளக்கமாகச் சொல்ல வேண்டும். கிணற்று நீர் கொஞ்சம் உப்பு. அதுவும் வைகாசியில் அடியில்தான் நிற்கும். குளிக்கிற நீரும் பாத்திரம் கழுவுகிற நீரும் இப்போது வாய்க்காலில் வீணாகப் போகின்றன. மேல்மாடியில் பைகளில் செடி வைக்கலாமா என்றும் பிள்ளைகள் கேட்கிறார்கள்.

பின்கட்டுத் தோட்டம், கோனாபட்டு

முதலில் மாடியைப் பற்றி. நம் பழைய வீடுகளின் மேல்தளம் பெரும்பாலும் தேக்கு உத்திரங்களின் மேல் செங்கலும் சுண்ணாம்புக் கலவையும் சேர்த்துப் போட்டது. ஈர மண் நிறைந்த ஒரு பை குறைந்தது இருபது முப்பது கிலோ இருக்கும். அதைவிடக் கேடு, தினந்தோறும் கசியும் தண்ணீர். சுண்ணாம்புத் தளத்தில் ஈரம் இறங்கி உத்திரத்தைத் தொட்டால் மரம் உளுத்துப்போகும். ஆகவே பழைய கட்டடத்தின் மேல் செடி வேண்டவே வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். சுவரை ஒட்டியும் மரம் வைக்காதீர்கள். வேர் அடித்தளத்துக்குள் போகும்.

தரையில் இருக்கும் தோட்டத்துக்கு என் யோசனை இது. கூடையில் வருகிற எதையும் வீட்டில் வைக்காதீர்கள். சுரைக்கொடிக்கும் பரங்கிக்கொடிக்கும் வேண்டிய இடமும் தண்ணீரும் உங்களிடம் இல்லை, அவை பண்ணையிலேயே விளையட்டும். வாரம் ஒருமுறை வருகிற கூடையால் தர முடியாதது என்ன? பறித்த நாழிகையில் அடுப்புக்குப் போக வேண்டியவை: கறிவேப்பிலை, முருங்கைக்கீரை, பச்சை மிளகாய், புதினா, தண்டுக்கீரை, பொன்னாங்கண்ணி, மணத்தக்காளி. கீரை வெயிலில் கூடையில் வந்தால் வாடிவிடும்; வீட்டுக் கொல்லையில் இருந்தால் சமைக்கும்போது பறித்தால் போதும். தண்டுக்கீரை விதைத்து ஐந்தாறு வாரத்தில் பறிப்புக்கு வரும். பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஒரு சிறு பாத்தியில் விதை தூவிக்கொண்டே இருந்தால் இடைவிடாமல் கிடைக்கும். சுண்டைச் செடி ஒன்று, வேலியில் கோவைக்கொடி ஒன்று வைத்துவிட்டால் பல ஆண்டுகளுக்குக் கவலை இல்லை.

கழிவுநீரைப் பிரித்துப் பயன்படுத்த வேண்டும். அரிசி, பருப்பு, காய்கறி கழுவிய நீரில் சோப்பு இல்லை. அதை நேராகக் கீரைக்கும் மிளகாய்க்கும் ஊற்றலாம். மண்டி வைக்காத நாளில் அரிசி களைந்த நீரும் இதில் சேரும். குளிக்கிற நீரை வாய்க்கால் வெட்டி வாழைக்கும் சேம்புக்கும் விட்டால் அவை தாங்கிக்கொள்ளும். துணி துவைத்த நீரைத் தோட்டத்துக்கே விடாதீர்கள். அதிலுள்ள சோடா மண்ணை இறுக்கிவிடும். சோப்பு கலந்த எந்த நீரையும் கீரை இலைமேல் படவிடக்கூடாது. உப்புக் கிணற்று நீரைத் தொடர்ந்து ஊற்றினால் மண்மேல் வெள்ளைப் படிவம் தோன்றும். மழைக்காலத்தில் வளவு முற்றத்தில் விழுகிற கூரைத் தண்ணீரைக் கிணற்றுக்கே திருப்பிவிட்டால், ஆண்டுக்கு ஆண்டு கிணற்றின் உப்பு குறையும். நம் முன்னோர் கூரைத் தண்ணீரை முற்றத்தில் சேர்த்துக் கிணற்றுக்கும் ஊருணிக்கும் அனுப்பிய வழிகள் பல வீடுகளில் அடைபட்டுக் கிடக்கின்றன. உங்கள் வீட்டு முற்றத்து மடை எங்கே போகிறது என்று மாமனாரிடம் கேட்டுப் பாருங்கள்.

கோடையைத் தாண்டப் பானைப் பாசனம் மிகவும் உதவும். மானாமதுரைப் பானைகள் நமக்குப் பக்கத்திலேயே கிடைக்கின்றன. மெருகு பூசாத, ஏழெட்டு லிட்டர் பிடிக்கிற பானையைக் கழுத்துவரை மண்ணில் புதைத்து, நீர் நிரப்பி, வாயை மூடிவிடுங்கள். பானையைச் சுற்றி மிளகாய், மணத்தக்காளி என்று நான்கைந்து செடி வைக்கலாம். மண் காயக் காயப் பானையின் சுவர் வழியே ஈரம் கசியும். வேர்கள் தாமே பானையைத் தேடி வந்துவிடும். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை நிரப்பினால் போதும். இதற்கு மட்டும் உப்பு நீர் வேண்டாம், பானையின் நுண்துளைகள் அடைத்துக்கொள்ளும். செடியைச் சுற்றிக் காய்ந்த இலை, வைக்கோல், கரும்புச் சக்கை என்று எது கிடைத்தாலும் நான்கு விரற்கடை உயரத்துக்கு மூடாக்குப் போடுங்கள். தண்டை ஒட்டி மட்டும் போடாதீர்கள், கரையான் வரும். மேற்கு வெயில் படும் பக்கத்தில் பச்சை நிழல்வலையோ பழைய தென்னங்கீற்றோ கட்டிவிட்டால் இளஞ்செடிகள் பிழைக்கும்.

பூச்சிக்கு வேப்பங்கொட்டைக் கரைசல் போதும். ஒரு லிட்டர் நீருக்கு 50 கிராம் வேப்பம் பருப்பை இடித்து, துணியில் கட்டி இரவு முழுக்க ஊறவைத்து, பிழிந்து வடிகட்டி, இலையில் ஒட்டுவதற்குக் கொஞ்சம் காதி சோப்பு கரைத்து, மாலையில் இலையின் அடிப்புறம் நனையும்படி தெளிக்க வேண்டும். வேப்பம்பழம் உதிர்கிற காலம் வந்துகொண்டிருக்கிறது. பிள்ளைகளை விட்டுப் பொறுக்கி, நிழலில் உலர்த்தி ஆண்டு முழுவதற்கும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். மண் பரிசோதனைக்கும் நல்ல நாற்று பற்றிய ஆலோசனைக்கும் குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம்.

சந்தைக்காரர், காரைக்குடி

பிரித்துக்கொள்வதும் மாற்றுக் கூடையும் நடைமுறைக்கு வந்துவிட்டன என்று படித்ததில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி. முதியவர்களைப் பற்றிய என் தயக்கம் பெருமளவு நீங்கிவிட்டது. தவணை முறையும் வந்துவிட்டால் நானும் எங்கள் தெருவில் பேசிப் பார்ப்பேன். உழவர் சந்தைக்குப் போவதை விடமாட்டேன். வெங்காயமும் உருளைக்கிழங்கும் கேரட்டும் இந்த மண்ணில் பங்காக வரப்போவதில்லையே. ஆனால் ஒன்று தெளிவாக வேண்டும். ஐப்பசியில் அடைமழை கொட்டிப் பயிர் அழுகினாலோ, மழையே பொய்த்தாலோ பங்குக்காரர்களுக்கு என்ன கணக்கு? வாய்ப்பேச்சாக விடாமல் எழுதி வைக்க வேண்டிய இடம் அதுதான்.

செம்மண்காரன், கல்லல்

அண்ணன் கேட்டது நியாயம். ஆத்தங்குடிக்காரர் சொன்ன கால மாற்றத்தையும் சேர்த்து, ஒரு விவசாயியாக நான் ஒத்துக்கொள்ளக்கூடிய ஏற்பாட்டை எழுதுகிறேன். பள்ளத்தூர்க்காரர்கள் தங்கள் விவசாயக் குடும்பத்தோடு பேசித் திருத்திக்கொள்ளலாம்.

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது நமக்கு விதிக்கப்பட்ட காலக்கணக்கு. ஆகவே பங்கு ஆண்டு ஆடியில் தொடங்கட்டும். முதல் தவணையை ஆனிக் கடைசியில் கொடுத்தால் விதைக்கும் எருவுக்கும் ஆகும். இரண்டாவது ஐப்பசியில், மூன்றாவது தையில். ஆடியில் விதைத்த வெண்டையும் கொத்தவரையும் கீரையும் ஆவணி கடைசியிலிருந்தே வரும். அவரையும் மொச்சையும் பகல் குறுகி, பனி இறங்கும்போதுதான் பூக்கும் என்பதால் அவை மார்கழிக்குத்தான் கூடைக்கு வரும். மார்கழி, தை, மாசி மூன்று மாதமும் கத்தரி, தக்காளி, அவரை, மொச்சை, முள்ளங்கி, கீரை என்று முழுக்கூடை. பங்குனியிலிருந்து ஆனி வரை கூடையின் அளவைப் பாதியாகக் குறைத்து, சுரை, பரங்கி, வெள்ளரி, கொத்தவரை, முருங்கை, அவற்றோடு மாசியில் மிஞ்சிய கத்தரியையும் அவரையையும் பண்ணையிலேயே காயவைத்த வத்தல் என்று கொடுக்கலாம். ஆச்சி சொன்ன பக்குவத்தில் காயவைக்கத் தெரிந்த பெண்கள் எங்கள் பக்கம் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்குக் கோடையில் அது கூலி வேலையாகவும் இருக்கும்.

மழைக்கணக்கு இப்படி இருக்கட்டும். ஒரு பயிர் அழிந்தால் இழப்பு பொதுவானது. அதற்காகப் பணம் திரும்பாது. தொடர்ந்து ஒரு மாதம் கூடையே வராத நிலை ஏற்பட்டால், அடுத்த தவணையை உடனே கட்ட வேண்டியதில்லை. மறுபடி விதைத்து முளைத்ததைப் பங்குக்காரர்கள் நேரில் வந்து பார்த்தபின் கட்டலாம். விதைச் செலவு, கூலி, டீசல் எல்லாவற்றுக்கும் பண்ணையில் ஒரு பேரேடு இருக்க வேண்டும். பங்குக்காரர் யார் கேட்டாலும் அதைப் புரட்டிக் காட்ட வேண்டும். வெளியே காய் விலை ஏறிவிட்டது என்று பண்ணைக்காரர் கூடையைக் குறைத்துச் சந்தைக்கு அனுப்பக்கூடாது. வெளியே விலை இறங்கிவிட்டது என்று பங்குக்காரர் பாதியில் நிற்கவும் கூடாது.

தங்கைக்குக் கடைசியாக ஒன்று. ஆனி பிறப்பதற்குள் உங்கள் தெருவார் எல்லாரும் எந்தக் காய் அதிகம் வேண்டும், எது வேண்டாம் என்று எழுதி அந்தக் குடும்பத்திடம் கொடுத்துவிடுங்கள். கத்தரியில் எத்தனை வரிசை, அவரைப் பந்தல் எவ்வளவு நீளம் என்பதை அவர்கள் ஆடிக்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும். நாட்டுக் கத்தரி விதையும் பந்தல் அவரை விதையும் என்னிடம் சேமிப்பில் இருக்கின்றன. தேவையென்றால் கல்லலுக்கு ஆள் அனுப்பி வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.